தேய்க்கக் கூடாத துணி

சட்டைக் கை சுருங்கிவிட்டது என்றுதான் தேய்ப்புக்காரம்மா முதலில் நினைத்தாள். நினைத்ததோடு விடாமல் புருஷனைத் திட்டவும் செய்தாள்.

"வெந்நீர்ல போட்டுட்டீங்க. கைக்குள்ள கையே போகல பாருங்க. ஊரு துணியெல்லாம் பதமாத் துவைக்கத் தெரியும், பொண்டாட்டி துணின்னா மட்டும் அலட்சியம்."

அவர் அந்தச் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடையில் வேலை செய்யும்போது அவள் போட்டுக்கொள்ளும் பழைய முழுக்கைச் சட்டை அது. இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அளந்தார். நூல் பிசகாமல் சரியாக இருந்தது.

"ஒரு கை மட்டும் எப்படிடீ சுருங்கும்?" என்றார்.

இரண்டு பேரும் அவளுடைய வலது கையைப் பார்த்தார்கள். முழங்கைக்குக் கீழே அது உப்பி, யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கை போல இருந்தது.

அந்தக் கையால்தான் அவர்கள் பிழைத்தார்கள். இரண்டு அறை வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் துவைக்கிற தொட்டியும் கொடிகளும். அவர் துவைப்பார், காயப்போடுவார், மடிப்பார். அவள் தேய்ப்பாள். நாலு கிலோ இஸ்திரிப் பெட்டியை இருபத்தேழு வருஷமாக அந்த ஒரே கையால் தள்ளியிருக்கிறாள். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கைகள், கடைசியில் உடம்பு. ஒரு சட்டைக்கு இரண்டரை நிமிஷம், பேசிக்கொண்டே செய்தால் இரண்டு. வாய் ஓடினால்தான் அவளுக்குக் கையும் ஓடும்.

அவள் புருஷனுக்குத் தெருவில் மடிப்பு என்று பேர். கைக்குட்டையைக் கொடுத்தால்கூட நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் திருப்பித் தர மாட்டார். அவர் மடித்த பேன்ட்டின் ஓரத்தில் காய் நறுக்கலாம் என்று எதிர்த்த மருந்துக்கடைக்காரர் சொல்வார். சுருக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குப் பிடிக்காது. பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் சட்டை கசங்கியிருந்தால் இறங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வருவார். "தொட்டுத் தொலைச்சுராதீங்க, அடி விழும்" என்று அவள் பல்லைக் கடிப்பாள்.

கை வீங்குவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் அவளுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. மார்பை எடுத்தார்கள். அக்குளுக்குள்ளிருந்து பதினாலு முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு பக்கம் பாக்கெட் பிரிஞ்ச சட்டை மாதிரி ஆக்கிட்டாங்க." அவர் சிரிக்கவில்லை. போர்வையின் ஓரத்தை நீவி நீவி நேராக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தடியாக ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அதன் கடைசித் தாளில், அந்தப் பக்கத்துக் கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பன்னிரண்டு வரி அச்சடித்திருந்தது. யாரும் படிக்கவில்லை. நோய் போனதா இல்லையா என்று எழுதியிருந்த தாளைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். உயிர் மிஞ்சினால் போதும் என்றிருந்த நேரத்தில் கையைப் பற்றி யாருக்குக் கவலை. மூன்றாம் மாதம் அவள் மேசைக்குத் திரும்பிவிட்டாள். துணி கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது.

கை வீங்கியதும் முதலில் வந்த டாக்டர் அவளுடைய நாத்தனார்தான். மடிப்பின் தங்கை. படித்தது ஆறாவது, வைத்தியம் சொல்வது எல்லா நோய்க்கும்.

"நீர் கோத்திருக்கு அண்ணி. சூடா ஒத்தடம் குடுத்து நல்லா அழுத்தி உருவிவிட்டா வடிஞ்சுரும். எங்க அண்ணன் கை இரும்பு மாதிரி. அவரே உருவட்டும்."

அண்ணனுக்கு இது சரியாகப் புரிந்தது. சூடும் அழுத்தமும் கொடுத்தால் எது வழிக்கு வராமல் போகும்? துண்டை நாலாக மடித்து, அதன்மேல் பெட்டியை ஓட்டிச் சூடாக்கி, அவள் கைமேல் வைத்தார். பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டைவிரலால் அழுத்தி இழுத்தார். அவளுக்கு வலியில் கண்ணில் நீர் வந்தது. வலித்தால் வேலை செய்கிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள். இப்படி நாற்பது நாள். நாற்பத்தோராவது நாள் கை செக்கச்செவேல் என்று சிவந்து, காய்ச்சல் நூற்றுமூன்றுக்கு ஏறி, அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

காய்ச்சலை இறக்கிய டாக்டர் அவளை நடைபாதைக் கடைசியில் இருந்த ஓர் அறைக்கு அனுப்பினார். பச்சை ரெக்ஸின் போட்ட கட்டில், தோளைச் சுழற்றிப் பழகச் சுவரில் ஒரு சக்கரம், மேசையில் ஓர் அளவு நாடா. அறைக்குள் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தேய்ப்புக்காரம்மா புருஷன் காதில், "டாக்டர் எங்கன்னு கேளுங்க, இது அவர் மகள் போல" என்றாள்.

"நான்தாம்மா தெரபிஸ்ட்" என்றாள் அந்தப் பெண். அவளுக்குக் காது கூர்மை. "கையை நீட்டுங்க."

மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் நாலு நாலு சென்டிமீட்டருக்குப் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் சுற்றளவு எடுத்தாள். பிறகு இடது கையிலும் அதே மாதிரி. முழங்கைக்குக் கீழே ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். புறங்கையை விரலால் அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்த மாதிரி குழி அப்படியே நின்றது.

"அம்மா, உங்க கடையில துவைக்கிற தண்ணி எப்படிப் போகும்?"

"எப்படிப் போகும், குழாய் வழியாத்தான்."

"நாலு குழாய் இருக்குன்னு வைங்க. மூணை அடைச்சுட்டா?"

"தரையெல்லாம் தேங்கும். இவர் வழுக்கி விழுவார்."

"அதேதான் உங்க கையில. ரத்தம் மாதிரி உடம்புல இன்னொரு தண்ணியும் ஓடுது, நிணநீர்னு பேரு. அது போற பாதையில இருந்த முடிச்சுகளைத்தான் அக்குள்ல இருந்து எடுத்தாங்க. உயிரைக் காப்பாத்தத்தான் எடுத்தாங்க. ஆனா தண்ணிக்கு வழி கொறஞ்சு போச்சு. வழி கொறஞ்ச கைக்குச் சூடும் குடுத்து, நாள் முழுக்க வேலையும் குடுத்தா இன்னும் தேங்கும்."

மடிப்பு கட்டிலின் மூலையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒத்தடம் குடுத்து அழுத்தினேன்" என்றார்.

"இனிமே வேண்டாங்கய்யா" என்றாள் அந்தப் பெண். அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே தேய்ப்புக்காரம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. பிறகு கையில் கட்டுப் போட ஆரம்பித்ததும் அவளுக்குக் கட்டுப்பொண்ணு என்று பேர் வைத்தாள்.

"சரி, எப்ப சரியாகும்?"

"முழுசா சரியாகாதும்மா. கொறைக்கலாம். கொறைச்சதைக் காப்பாத்தலாம். தினமும் செய்யணும்."

"எத்தனை நாளைக்கு?"

"தினமும்னா தினமும்தாம்மா."

"பெட்டி பிடிக்கலாமா? அதைச் சொல்லு. நான் மேசைக்குப் போகலேன்னா எங்க கடைக்கு ஷட்டர் எதுக்கு?"

"கை கொறையட்டும். கட்டுப் போட்டுக்கிட்டு, இடது கையால, கொஞ்ச நேரம். பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மற்றதெல்லாம் அந்த அறையிலேயே விழுந்துவிட்டது.

மூன்று வாரம் தினமும் போனார்கள். கட்டுப்பொண்ணு முதலில் கழுத்தில் கை வைத்தாள், பிறகு இடது அக்குளில். "நோவு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் தடவுறியே" என்று தேய்ப்புக்காரம்மா கேட்டாள். "முன்னாடி நிக்குற வண்டியை நகர்த்தினாத்தானே பின்னாடி வண்டி வரும்? மொதல்ல அங்க காலி பண்ணணும்" என்றாள் அவள். பிறகுதான் வீங்கிய கைக்கு வந்தாள். மேல்கையிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். எங்கே தடவினாலும் தோலை மேல்நோக்கி, தோள் பக்கமாக நகர்த்தினாள். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற அளவுதான் அழுத்தம்.

மடிப்புக்கு நம்பிக்கையே வரவில்லை. "இதுல ஒரு கைக்குட்டைச் சுருக்கம்கூடப் போகாதும்மா."

"அழுத்தினா அந்த மெல்லிசு வழியெல்லாம் மூடிக்கும்யா. எங்க, நீங்க பண்ணுங்க." அவர் பண்ணினார். "அதுல பாதி." பண்ணினார். "அதுலயும் பாதி." மூன்றாம் நாள்தான் அந்த இரும்புக் கை வழிக்கு வந்தது.

தடவி முடித்ததும் கட்டு. தோலுக்குக் களிம்பு, அதன்மேல் பனியன் துணியில் ஒரு குழாய், விரல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சுற்று, அதன்மேல் பஞ்சுப் பட்டை, அதற்கும் மேலே நாலு கட்டுத்துணி. உள்ளங்கையில் ஆரம்பித்துத் தோள் வரை போகும். கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைப் பாதி மூட வேண்டும். "பாதி மேல பாதி, பாதி மேல பாதி" என்று கட்டுப்பொண்ணு சொல்லச் சொல்ல, மடிப்பு உதட்டை அசைத்துப் பாடம் பண்ணினார். கட்டு முடிந்தால் அவளுக்கு முழங்கையை மடக்குவதே பெரும்பாடு. ஆனால் மடக்க வேண்டும், விரலை மூடித் திறக்க வேண்டும். அசைந்தால்தான் கட்டு உள்ளே அழுத்தித் தண்ணியைத் தள்ளும்.

நாலாம் நாள் இரண்டு செட் கட்டுத்துணி வாங்கிக் கொடுத்தாள். ஒன்று கையில் இருக்கும்போது மற்றது துவைக்க. "துவைக்கும்போது ஒண்ணு கவனிக்கணும்மா" என்று கட்டுப்பொண்ணு ஆரம்பித்தாள்.

"நல்லாருக்கே" என்றாள் தேய்ப்புக்காரம்மா. "துணி துவைக்க எங்களுக்கே சொல்லித் தர்றியா? இந்த ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் எங்க கொடியில காஞ்சதுதான். நீ கையைப் பாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

பத்து நாளில் நாலு சென்டிமீட்டர் இறங்கியது. சட்டைக் கைக்குள் கை போனது. தேய்ப்புக்காரம்மா மேசைக்குத் தூசி தட்டினாள். பதினோராம் நாளிலிருந்து இறங்குவது நின்றது. பதினைந்தாம் நாள் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருந்தது.

தேய்ப்புக்காரம்மா நாடாவை எட்டிப் பார்த்தாள். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தாள். வாயைத் திறந்து கேட்கப் பயந்துபோய், சுவரிலிருந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானமே கட்டு தொளதொளன்னு ஆயிடுதாம்மா?"

"ஆமா. அவர் சரியாத்தான் கட்டுறார்."

கட்டுப்பொண்ணு அவர்கள் கொண்டுவந்திருந்த பையிலிருந்து துவைத்த செட்டை எடுத்தாள். நாலு சுருளும் ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி வழவழவென்று இருந்தன. ஒன்றைப் பிரித்து இரண்டு கையாலும் இழுத்தாள், விட்டாள். இழுத்த இடத்திலேயே நின்றது. மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, இதை என்ன பண்ணினீங்க?"

மடிப்பு முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் யாருமே கேட்கவில்லையே என்றிருந்தவர் போலச் சொன்னார்: "கசங்கிக் கெடந்துச்சும்மா. நானே தேய்ச்சேன். லேசாக் கஞ்சியும் போட்டேன், விறைப்பா நிக்கட்டும்னு."

அவள் அந்தச் சுருளை மேசைமேல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தச் சுருக்கம்தாங்கய்யா வேலை செய்யுது. நூலை முறுக்கி நெய்திருக்காங்க. அந்த முறுக்கு இருக்குற வரைக்கும்தான் இது கையைப் பிடிக்கும். பெட்டி ஓட்டினா முறுக்கு செத்துப்போயிடும். அப்புறம் இது வெறும் துணி."

மடிப்பின் முகத்தைத் தேய்ப்புக்காரம்மா பார்த்தாள். ஊரார் துணியைத் துவைக்கையில் கிழித்துவிட்டபோதுகூட அப்படி ஒரு முகம் அவருக்கு வந்ததில்லை. நாக்கு நுனி வரைக்கும் நாலு வார்த்தை வந்தது. அப்போதுதான், 'துவைக்கும்போது ஒண்ணு கவனிக்கணும்மா' என்று அந்தப் பெண் ஆரம்பித்ததும், தான் வெட்டியதும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பேருந்தில் எட்டாவது நிறுத்தத்தில் அவர், "முப்பது வருஷமா சுருக்கத்தை எடுத்தே பழகிட்டேன்" என்றார்.

"நான் வாயை மூடிக்கிட்டிருந்தா அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும்" என்றாள் அவள்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு பேருமே அப்படிக் கேட்டோம் என்று பிறகு ஒத்துக்கொள்ளவில்லை.

புதிதாக இரண்டு செட் வாங்கினார்கள். மடிப்பு துணிக்குக் குறி போடும் மையை எடுத்து, கட்டுத்துணியின் ஓரத்தில் சின்னதாகப் புள்ளி வைத்தார். உள்ளங்கையில் சுற்றுவதற்கு ஒரு புள்ளி, அதற்கடுத்ததற்கு இரண்டு, மூன்று, தோளுக்கு நாலு. எல்லா வீட்டுத் துணிக்கும் குறி போட்டவர், தன் வீட்டுத் துணிக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவார். பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயப்போடுவார். காய்ந்து சுருங்கிக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. பெட்டி இருக்கும் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்து, சுருக்கத்தோடு அப்படியே உருட்டிச் சுருளாக்குவார். சுருளையாவது அவர் இஷ்டத்துக்கு விட்டார்களே. அவர் உருட்டிய சுருள் ஓரம் பிசகாமல் நாணயம் மாதிரி நிற்கும்.

அப்படியே நாலு வருஷம் போனது. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம். பார்க்கிறவர்களுக்குப் பாசம் மாதிரி தெரிந்திருக்கும். உள்ளே நடந்தது சண்டைதான்.

"பாதி மேல பாதின்னா, நூல் வச்சு அளக்கச் சொன்னாங்களா? ஆளுங்க வெளிய நிக்குறாங்க."

"நிக்கட்டும். கையை ஆட்டாதே."

"பொணத்துக்குக்கூட இவ்வளவு நேரம் சுத்த மாட்டாங்க."

"பொணம் பேசாது. அதான் சீக்கிரம் முடியும்."

கை இடது கையைவிட இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக நின்றது. அதற்குக் கீழே போகவில்லை, மேலேயும் போகவில்லை. அவள் மேசைக்குத் திரும்பினாள். முழுதாக இல்லை. இடது கையால், சின்னப் பெட்டியில், நாளுக்கு ஒரு மணி நேரம், கைக்குட்டையும் தலையணை உறையும். "நான் இப்ப கைக்குட்டை மந்திரி" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். சட்டையெல்லாம் அவர் தேய்த்தார். அவளைவிட நேரம் அதிகம் எடுத்துக்கொண்டார்.

அவர் போனது ஒரு நடுப்பகல். பின்பக்கம் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பிடித்திருந்த விரிப்பும் அவரோடு வந்தது. அவள் ஓடிப்போய் விலக்கிப் பார்த்தபோது கண் திறந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் வந்து நாடி பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

அன்று காலை அவர் கட்டிய கட்டு அவள் கையில் இருந்தது. வீட்டில் ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். கையைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது. அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் விரலெல்லாம் உப்பி, கட்டு அழுக்கேறித் தளர்ந்து தொங்கியபோது, வேறு ஊரிலிருந்து வந்திருந்த மகள் உட்கார்ந்து அவிழ்த்தாள். அவள் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டியபடி இருந்தாள்.

மறுநாள் மகள் அந்தக் கட்டுத்துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாலும் பளபளவென்று, கத்தி மாதிரி ஓரத்தோடு, மடித்து அடுக்கியிருந்தன.

"கசங்கிக் கெடந்துச்சும்மா. நானே தேய்ச்சு வச்சேன்."

தேய்ப்புக்காரம்மா அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தாள். இழுத்த இடத்திலேயே நின்றது. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மகளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா, தப்பா பண்ணிட்டேனா?"

"இல்லடி. உங்க அப்பன் பொண்ணுதான் நீ. வேற யாரு இதைத் தேய்ப்பா."

இழவுக்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான்.

மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவள் மாட்டேன் என்றாள். இன்னொரு செட் அலமாரியின் மேல் இழுப்பறையில் இருந்தது. அவர் இறப்பதற்கு முந்தின நாள் மாலை உருட்டி வைத்த நாலு சுருள். அவள் தினமும் காலையில் இழுப்பறையைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். நாத்தனார் வந்து, "நான் கட்டி விடுறேன் அண்ணி, சொல்லிக் குடுங்க" என்று கெஞ்சினாள்.

"நீ ஒத்தடம் சொன்னது வரைக்கும் போதும்."

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தேய்ப்புக்காரம்மாவுக்கும் தோன்றியது. வாய் அப்படி, என்ன செய்வது.

ஆறு வாரம் போனது. கை வீங்கியது, பிறகு இறுகியது. முன்பு குழி விழுந்த தோலில் இப்போது அழுத்தினாலும் குழி விழவில்லை. அளவு பார்க்க வர வேண்டிய தேதி தவறியதும் கட்டுப்பொண்ணு கடைக்குப் போன் பண்ணினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதே பச்சைக் கட்டில். நாடாவைச் சுற்றினாள், எழுதினாள், எண்ணைச் சொல்லவில்லை. முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்து அவள் முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள், மாத்திரை எழுதி வாங்கினாள்.

"கட்டு எங்கம்மா?"

"ஒண்ணை மகள் தேய்ச்சுட்டா."

கட்டுப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னொண்ணு?"

"இருக்கு. அது அவர் சுத்தி வச்சது."

"அதான், நல்லாத்தானே இருக்கும்? அதைக் கொண்டு வந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"இங்க கையிருப்பு இல்ல. புதுசுக்குச் சொல்லிடுறேன்மா. வர்றதுக்கு மூணு வாரம் ஆகும்."

"வரட்டும்."

"கை பொறுக்காதும்மா. இந்தச் சிவப்பு அடங்க நாலஞ்சு நாள் ஆகும். அடங்கினதும் உடனே கட்டணும். இப்பவே பாதி கல்லாயிடுச்சு. இன்னும் மூணு வாரம் விட்டா, அப்புறம் நான் என்ன கட்டினாலும் இறங்காது. விரல் மடங்காது. கைக்குட்டைகூட முடியாது." அவள் குரல் அதட்டலாக இல்லை. "அப்படியே வச்சிருக்கணும்னு நீங்க சொன்னா, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அவள் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். ஐந்தாம் நாள் சிவப்பு மறைந்தது. அன்று காலை இழுப்பறையைத் திறந்தவள், மூடவில்லை.

நாலு சுருளையும் சட்டை போட்டுக் கொடுக்கும் கடைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் முழங்கை பட்டபோது, "பார்த்து உக்காருப்பா, கசங்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஒரு கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்ள அன்று கட்டுப்பொண்ணு சொல்லிக் கொடுத்தாள். முனையைக் கட்டைவிரல் இடுக்கில் பிடிக்க வேண்டும். சுருளைத் தொடைமேல் உருட்டி உருட்டிக் கைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். மேலே போனால் மோவாயால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒரு புள்ளி போட்ட சுருளை அவள் எடுத்தாள். அவ்வளவு இறுக்கமாக உருட்டியிருந்தார். நகத்தால் முனையை நெருடி எடுக்க வேண்டியிருந்தது. முதல் சுற்று வந்தது, இரண்டாவது வந்தது. பாதிச் சுருள் கரைந்தபோது கை நின்றுவிட்டது. கையில் மீதி இருந்தது ஒரு எலுமிச்சம்பழம் அளவு. கட்டுப்பொண்ணு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் தேய்ப்புக்காரம்மாவே, "பாதி மேல பாதி" என்று சொல்லிக்கொண்டு அடுத்த சுற்றைப் போட்டாள்.

இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, நாலு புள்ளி. ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கோணல் மாணலாக இருந்தது.

"இவர் பார்த்தா அவுத்துட்டு மறுபடி கட்டுவார்."

"பிடிப்பு சரியா இருக்கும்மா. போதும்."

மறுநாள் காலை கட்டை அவிழ்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, நிழல் கொடியில் போட்டாள். மத்தியானம் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. மேசைமேல் பெட்டி இருந்தது, பிளக் பிடுங்கிக் கிடந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வயிற்றோடு அணைத்து, இடது கையால் சுருட்டினாள். ஒன்று நடுவில் பிதுங்கியது, ஒன்று சாய்ந்தது. புள்ளிகள் துவைத்தும் போகவில்லை. குறி மை அப்படிச் சுலபமாகப் போகாது.

நாலையும் இழுப்பறையில் வைத்தாள். இவ்வளவு நாளும் நாணயம் மாதிரி நின்ற இடத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நேராக வைத்துப் பார்த்தாள். மறுபடி சாய்ந்தன. விட்டுவிட்டாள். எப்படியும் சாயங்காலம் கையில் கட்டும்போது பிரிக்க வேண்டியதுதான்.

வெளியே யாரோ, "அம்மா, கடை இருக்கா?" என்று கேட்டார்கள்.

"இருக்கு" என்றாள். "கைக்குட்டை மட்டும்தான். சட்டைன்னா வேற எடம் பாருங்க."